வாசல்களை எண்ணுவோம்: கட்டட வகைமையும் சாதியும்



இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவில் கட்டடக்கலைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நம்முடைய தன்வரலாறுகளையும் சிறுகதைகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கொல்லைப்புற வாசலில் துண்டை விரித்துக் கூலி வாங்கியது, டீக்கடையின் வெளிப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது, கோயில் கோபுரத்துக்கு வெளியே நின்று கற்பூரம் கொளுத்தியது, பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பானையிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. நம் எழுத்தில் அவமானம் எப்போதும் ஏதோ ஒரு கட்டடத்தின் ஏதோ ஓர் இடத்தில்தான் நடக்கிறது. அந்த இடம் ஏன் அங்கே இருந்தது, யார் அதை அப்படி அமைத்தார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்கு உதவும் ஒரு கருத்துதான் கட்டட வகைமை.

வகை என்றால் என்ன?

தெரியாத ஊரில் பேருந்தை விட்டு இறங்குகிறீர்கள். எந்தப் பலகையும் கண்ணில் படவில்லை. ஆனாலும் இது பள்ளிக்கூடம், இது கல்யாண மண்டபம், இது தாலுகா ஆபீஸ், இது கோயில் என்று பார்த்ததும் சொல்லிவிடுவீர்கள். ஒரு பள்ளிக்கூடம் இன்னொன்றைப் போல அச்சாக இருப்பதில்லை. ஆனாலும் நீளமான தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக வகுப்பறைகள், நடுவில் மைதானம், வாசலுக்குப் பக்கத்தில் தலைமையாசிரியர் அறை என்ற ஏற்பாடு மாறுவதில்லை. பல கட்டடங்களுக்கு இடையே மாறாமல் வருகிற இந்த உள்ளேற்பாட்டைத்தான் கட்டடக்கலையில் 'வகை' என்கிறார்கள். வகைகளைப் பிரித்தறிந்து ஆராய்வது வகைமையியல்.

பிரான்சைச் சேர்ந்த கத்ரமேர் த கென்சி என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வகையையும் மாதிரியையும் பிரித்துக் காட்டினார். மாதிரி என்பதை அப்படியே நகலெடுக்கலாம். வகையை நகலெடுக்க முடியாது. அதன் உள்விதியை வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத பல கட்டடங்களைப் படைக்கலாம். அவர் காலத்திலேயே, பொறியியல் மாணவர்களுக்குக் கட்டடக்கலை கற்பித்த துயூரான், கட்டடங்களைப் பயன்பாட்டு வாரியாக ஒரே அளவுகோலில் வரைந்து அட்டவணைப்படுத்தினார். 1966இல் இத்தாலியின் ஆல்டோ ரோஸி நகரத்தைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கட்டடத்தின் பயன்பாடு மாறினாலும் அதன் வகை நிலைத்து நிற்கும் என்று வாதிட்டார். அரண்மனை அருங்காட்சியகம் ஆகும், மடாலயம் பள்ளிக்கூடம் ஆகும், வகை தொடரும்.

இவர்கள் யாரும் சாதியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ரோஸியின் வாதத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சட்டம் மாறுகிறது, உரிமையாளர் மாறுகிறார், பெயர் மாறுகிறது. உள்ளேற்பாடு மட்டும் மாறாமல் நிற்கிறது. யார் எங்கே நிற்கவேண்டும் என்ற பழைய முடிவு அந்த ஏற்பாட்டுக்குள் தங்கிவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். சாதி சாஸ்திரத்திலும் மனத்திலும் மட்டும் இல்லை, தரைப்படத்திலும் இருக்கிறது. ஆகவே தரைப்படத்தை வாசிக்கவும் அதை மாற்றக் கோரவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாசல்களை எண்ணுகிற முறை

1984இல் பில் ஹில்லியர், ஜூலியன் ஹான்சன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இடத்தின் சமூகத் தர்க்கம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதிலுள்ள அடிப்படை முறை எளிமையானது. தெருவில் நின்றுகொண்டு, ஓர் அறைக்குப் போக எத்தனை வாசல்களைக் கடக்கவேண்டும் என்று எண்ணுவது. அந்த எண்ணிக்கைதான் அந்த அறையின் 'ஆழம்'. சாதாரணமாக ஒரு கட்டடத்தில் உரிமையுள்ளவர் ஆழத்தில் இருப்பார், வந்துபோகிறவர் மேலோட்டமான இடத்தோடு நின்றுகொள்வார். சிறைச்சாலை, மனநோயாளர் விடுதி போன்ற கட்டடங்களில் இது தலைகீழாகும். அடைபட்டவர் ஆழத்தில் இருப்பார், அதிகாரம் உள்ளவர் வெளிப்புறத்தில் தாராளமாக நடமாடுவார்.

இந்த முறையை ஒரு பழைய ஓட்டு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். காவிரிப் பாசனப் பகுதியின் மிராசுதார் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு, திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, பூஜை அறை, பின்கட்டு, கொல்லை. திண்ணையை விருந்தோம்பலின் அடையாளம் என்று புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். வழிப்போக்கர் படுத்துறங்க இடம் தந்தது உண்மைதான். ஆனால் திண்ணை ஒரு சல்லடையும்கூட. சமமான சாதிக்காரர் கூடம் வரை போவார். சற்றுக் கீழே என்று கருதப்பட்டவர் திண்ணையோடு நிற்பார். பண்ணையாளுக்குத் திண்ணையும் கிடையாது. பல ஊர்களில் அந்தத் தெருவே கிடையாது. அவர் வந்த வழி கொல்லைப்புறம். அந்த வீட்டுப் பெண்களுக்கும் இதே கணக்குதான். மாதவிலக்கு நாட்களில் அவர்கள் பின்கட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். யாரும் தினமும் வாய்திறந்து ஆணையிட வேண்டியதில்லை. வீடே அந்த வேலையைச் செய்தது.

கோயிலில் இது இன்னும் வெளிப்படை. கோபுர வாசல், கொடிமரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். பெரியபுராணத்தில் நந்தனார் திருப்புன்கூர் கோயில் வாசலில் நிற்கிறார். உள்ளே நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் சொல்கிறார். அந்தக் கதையைக் கட்டடத்தோடு சேர்த்து வாசித்தால் ஒன்று புரியும். கல்நந்தி நகர்ந்தது, வாசற்படி நகரவில்லை. கண்ணுக்கு அனுமதி கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் முன்னின்று அழைத்துச் செல்ல, கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோபுர வாசல் திறந்தது. ஆனால் கோடு அழியவில்லை, உள்ளே நகர்ந்தது. அடுத்த போராட்டம் கருவறை வாசலில் நடந்தது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்பதற்கு 1970 டிசம்பரில் சட்டமன்றத்தில் வழிசெய்தார்கள். பயிற்சி பெற்ற பல சாதியினர் நியமனம் பெற 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. இன்னொரு பக்கம், 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை எதிர்த்து எழுந்த தகராறில் அந்தக் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஐந்து வாசல் உள்ள வகையில் ஒரு வாசலைத் திறந்தால், தடுக்க நினைக்கிறவருக்கு இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறது.

ஒரு சாதியை வேலைக்கு அழைக்கும் கட்டடம்

இதுவரை சொன்னவை தடுக்கிற வகைகள். இன்னொரு வகை இருக்கிறது. அது அழைக்கிறது. எடுப்புக் கக்கூஸ்.

அதன் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்வோம். உயர்த்திய மேடை, அதில் ஒரு துளை, கீழே வாளி அல்லது வெறும் தரை. மேடைக்கு வீட்டுப் பக்கமாக ஒரு கதவு. மேடைக்கு அடியில், பின்சந்தைப் பார்த்தபடி, ஒரு சின்னத் திறப்பு. பயன்படுத்துகிறவர் முன்கதவால் வருவார். அள்ளுகிறவர் பின்சந்தால் வருவார். இருவரும் முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதே இல்லை. பழைய நகரங்களில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்துகள் பல இந்த வேலைக்காக விடப்பட்டவை.

இந்தக் கட்டடத்தை முழுமையாக வரைய வேண்டுமானால் சுவர், துளை, திறப்பு மட்டும் போதாது. தினமும் காலையில் பின்சந்தில் வந்து நிற்கும் ஒரு மனிதரையும், பெரும்பாலும் ஒரு பெண்ணையும், சேர்த்து வரைய வேண்டும். அவர் வராவிட்டால் இரண்டே நாளில் கட்டடம் செயலிழந்துவிடும். அதாவது, ஒரு சாதியின் உழைப்பு அதன் உறுப்பாகவே உள்ளே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

1993இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதையும் உலர் கழிப்பிடங்கள் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம். ஒரு தொழிலைத் தடைசெய்ய வேண்டுமென்றால் ஒரு கட்டட வகையையும் தடைசெய்தாக வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட சட்டம் அது. வகைமை என்பது கல்லூரிப் பாடம் மட்டும்தானா என்று யாராவது கேட்டால் இந்தச் சட்டத்தைக் காட்டுங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எடுப்புக் கக்கூஸின் இடத்தில் செப்டிக் டேங்கும் பாதாளச் சாக்கடையும் வந்தன. பின்சந்துத் திறப்பு தரைக்குக் கீழே போனது. சாலையில் நாம் தாண்டிப் போகிற வட்ட மூடிக்கு ஆள் இறங்கும் குழி என்று பெயர். ஆள் இறங்குவான் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடைசெய்தது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்தவேண்டி வந்தது என்றால் சாவுகள் நிற்கவில்லை என்று பொருள்.

இங்கே வடிவமைப்பின் பொறுப்பு என்ன? புதிதாக ஒரு வீடு கட்டுகிறார்கள். செப்டிக் டேங்கை எங்கே வைப்பது என்று வரைபடத்தில் ஒருவர் முடிவுசெய்கிறார். உறிஞ்சு லாரியின் குழாய் எட்டாத மூலையில், கார் நிறுத்தத்தின் அடியில், ஒரே ஒரு சிறிய மூடியோடு வைத்தால், கட்டியை உடைக்க என்றாவது ஒரு நாள் ஓர் ஆளைத் தேடுவார்கள். அந்த ஆள் யாராக இருப்பார் என்று இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாவுக்கான ஏற்பாடு வரைபடத்தில் தொடங்கிவிடுகிறது.

ஆழமே இல்லாத வீடு

மூன்றாவது வகை நமக்காகவே கட்டப்பட்டது. வரிசை வீடு. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த லயன், பம்பாயின் சால், நம் ஊர்க் காலனியின் தொகுப்பு வீடு, குடிசைமாற்று வாரியத்தின் அடுக்குமாடி எல்லாம் ஒரே குடும்பம். மூலம் ராணுவப் பாளையத்தின் பாரக்ஸ். ஓர் அறை, ஒரு கதவு, அதையே வரிசையாகப் பெருக்குவது.

பம்பாய் வளர்ச்சித் துறை 1920களில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பி.டி.டி. சால்களை எடுத்துக்கொள்வோம். வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் மொத்தம் 207 கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடிகளும். ஒரு தளத்துக்கு இருபது அறைகள், நடுவே ஒரு நடைபாதை, பொதுக் கழிப்பறை. ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது அரசு வொர்லிச் சால்களில் சிலவற்றைத் தற்காலிகச் சிறையாகப் பயன்படுத்தியது. தொழிலாளர் குடியிருப்பை இவ்வளவு சுலபமாகச் சிறையாக மாற்ற முடிந்ததற்குக் காரணம் அதன் வகை. இரண்டுக்கும் ஒரே தரைப்படம் போதுமானதாக இருந்தது.

வாசல்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான். கதவு திறந்தால் அடுப்பு, பாய், படிக்கிற பிள்ளை, பிள்ளைபெற்றவள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மிராசுதார் வீட்டில் ஒன்பது கட்டம், இங்கே ஒன்று. வட்டிக்காரரும் போலீஸ்காரரும் கதவருகே நின்றபடியே முழு வீட்டையும் பார்த்துவிடலாம். ஆழம் என்பது ஒருவிதமான சொத்து. அந்தச் சொத்து நமக்குக் கொடுக்கப்படவில்லை.

அம்பேத்கர் இருபதாண்டுகளுக்கும் மேல் பரேலில் உள்ள சால் ஒன்றில் வாழ்ந்தார். பிறகு 1930களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். அதற்காகக் கட்டடக்கலை நூல்களைத் தேடிப் படித்தார். கீழே குடும்பம், மேல்தளத்தில் நூலகமும் அலுவலகமும். ஒற்றை அறை மறுத்ததை அந்த வீடு திரும்பப் பெற்றது: படிப்பதற்கென்று ஒரு கதவு, சாத்திக்கொள்ள ஒரு தனிமை. அவருடைய புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற நாம் அவர் கட்டிய வீட்டையும் ஒரு சிந்தனையாக வாசிக்கலாம்.

சாலில் வாழ்ந்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. தனிமை இல்லாத இடத்தில் கூட்டம் சுலபமாகக் கூடும். நடைபாதையும் படிக்கட்டும் கட்டடங்களுக்கு இடையிலான முற்றமும் கூட்டம் நடத்தும் இடங்களாயின. 1972இல் உருவான தலித் பேந்தர் இயக்கத்துக்கு வொர்லிச் சால்கள் முக்கியமான களம். 1974 ஜனவரியில் அங்கே வெடித்த கலவரத்தில் போலீசும் சாதி இந்துக்களும் ஒருபுறம் நின்றதை அந்த இயக்கத்தின் வரலாறு பதிவுசெய்திருக்கிறது. ஒரு வகையைக் கட்டியவர் நினைத்தது ஒன்று, அதில் வாழ்ந்தவர் அதை ஆக்கிக்கொண்டது வேறொன்று. இந்த இடைவெளிதான் நமக்கு நம்பிக்கை தருவது. அதற்காக ஒற்றை அறையைப் போற்ற வேண்டியதில்லை.

இப்போது பி.டி.டி. சால்களை இடித்துவிட்டு, நாற்பது மாடி வரையிலான கோபுரங்களில் குடும்பத்துக்கு 500 சதுர அடி வீடு தருகிறார்கள். பரப்பு மூன்று மடங்காவது பெரிய வெற்றி. கூடவே அந்த முற்றமும் நடைபாதையும் போகின்றன. சென்னையிலும் இப்படித்தான். 1970இல் அமைந்த குடிசைமாற்று வாரியம் தொடக்கத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே நான்கு தளக் குடியிருப்புகள் கட்டியது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும்பாக்கத்தில் எட்டுத் தளங்கள். லிப்ட் நின்றால் முதியவருக்கு வீடே சிறை. மீன் விற்கிறவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் வாசலே வியாபார இடம்; ஏழாவது தளத்தில் அந்த வாசல் இல்லை.

கிராமத்தில் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வகுத்திருக்கும் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், ஏறத்தாழ 270 சதுர அடி. அந்த வீடு எங்கே கட்டப்படுகிறது என்பது இன்னொரு கேள்வி. ஊர், சேரி என்ற பிரிவும் ஒரு வகைதான், குடியிருப்பு அளவிலான வகை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அங்கே பாலம் இருந்தது, சுடுகாடு இருந்தது, இடையில் நமக்கான வழி மட்டும் இல்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் அறிவித்தார். வரவேற்கலாம். பெயர்ப்பலகை மாறிய பிறகும் அந்தத் தெரு ஊரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பது மாறியதா என்று கேட்கவும் வேண்டும். 1997இல் தொடங்கிய சமத்துவபுரம் இந்தக் கேள்வியைத் தொட்ட திட்டம். நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு, மீதி மற்ற பிரிவினருக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். அதன் குறைகளைப் பேசலாம். ஆனால் குடியிருப்பின் உள்ளேற்பாட்டையே மாற்றிப் பார்த்த முயற்சி என்ற வகையில் அது தனித்து நிற்கிறது.

உள்ளே வரவிடும் ஸ்தூபி

வகையை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நம் கையிலேயே சான்று இருக்கிறது.

பழைய பௌத்த ஸ்தூபி உள்ளே திடமானது. சாஞ்சியில் அதைச் சுற்றி வரலாம், உள்ளே போக முடியாது. 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய நாக்பூர் தீட்சாபூமியில் ஒரு ஸ்தூபி எழுப்பப்பட்டு, 2001 டிசம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனால் திறந்துவைக்கப்பட்டது. வெளித்தோற்றம் சாஞ்சியை நினைவூட்டும். உட்புறம் வெற்றிடம். நான்கு திசைகளிலும் வாசல்கள். உள்ளே ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக அமரக்கூடிய வட்ட மண்டபம். இங்கே கருவறை இல்லை, அர்த்தமண்டபம் இல்லை. எந்த வாசலால் வந்தாலும் ஒரே ஆழம்.

கத்ரமேர் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். சாஞ்சியை மாதிரியாகக் கொண்டிருந்தால் நகல்தான் கிடைத்திருக்கும். வகையாகக் கொண்டு அதன் உள்விதியைத் திருத்தியதால், வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் உள்ளே வந்து கூடும் கட்டடம் கிடைத்தது.

நாம் செய்யக்கூடியது

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு அளவுநாடாவும் கட்டம்போட்ட நோட்டும் போதும். உங்கள் தெருவில் அரசு கட்டிக்கொடுத்த ஒரு வீட்டை, உங்கள் விடுதியை, ஊர்ப் பள்ளிக்கூடத்தை அளந்து தரைப்படம் வரையுங்கள். அதன்மேல் நான்கு கேள்விகளை எழுதுங்கள். எத்தனை வாசல்கள், யார் எது வரை போகிறார்கள்? கழிவு எந்த வழியாக வெளியேறுகிறது, அதற்கு ஆள் இறங்க வேண்டிவருமா? ஒரு பெண்ணோ படிக்கிற பிள்ளையோ சாத்திக்கொள்ள இரண்டாவது கதவு இருக்கிறதா? கடைக்கும் பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதை யாருடைய நிலத்தின் வழியாகப் போகிறது?

செயல்பாட்டாளர்களுக்கு ஒன்று. வீடு கேட்டு நாம் எழுதும் மனுக்களில் எண்ணிக்கை இருக்கும், தொகை இருக்கும், தரைப்படம் இருப்பதில்லை. இனி அதையும் கேட்போம். ஒதுக்கீட்டுக்கு முன்பே வரைபடம் கிராமசபையிலும் குடியிருப்போர் கூட்டத்திலும் தமிழில் விளக்கப்பட வேண்டும். செப்டிக் டேங்க் எந்திரம் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓரறை வீடு என்ற வகையே இனி அனுமதிக்கப்படக் கூடாது. புதிய மனை ஊரோடு ஒட்டியிருக்க வேண்டும், ஊருக்கு அப்பால் அல்ல. அடுத்த மனுவோடு நாமே வரைந்த ஒரு தரைப்படத்தை இணைத்துக் கொடுப்போம்.